சம்பளம் வாங்கும் தத்துவஞானி

கணிப்பொறி விளையாட்டைப் பற்றி இந்தப் பக்கங்களில் எழுதுவது சிலருக்கு முகச்சுளிப்பைத் தரலாம். சினிமாவைப் பற்றி எழுதியபோதும் இதே முகங்கள் சுளித்தன என்பதால் மேலே போகலாம். ஒரு காலத்தின் பிரக்ஞை எந்த உருவத்தில் தன்னைக் காட்டிக்கொள்கிறது என்று பார்ப்பது விமர்சனத்தின் வேலைகளில் ஒன்று என்றால், சரித்திரத்தையே ஆடுபொருளாக வைத்துக்கொண்டு ஏராளமான பேர் இரவு இரண்டு மணிவரை கண் விழிக்கும் ஒரு காரியத்தை விமர்சகன் தாண்டிப் போக முடியாது. நானும் கண் விழிக்கிறவன்தான்.

நான் சொல்ல வரும் விளையாட்டின் பெயர் யூரோப்பா யூனிவர்சாலிஸ். பிலிப் திபோ என்ற பிரெஞ்சுக்காரர் 1993இல் பலகை விளையாட்டாக உருவாக்கியதை ஸ்டாக்ஹோமிலுள்ள பாரடாக்ஸ் நிறுவனம் 2000இல் கணிப்பொறிக்குக் கொண்டுவந்தது. நான் ஆடுவது 2013இல் வெளியான நான்காம் பாகம். வார்னா யுத்தத்துக்கு மறுநாளான 1444 நவம்பர் 11 அன்று தொடங்கி 1821இல் முடிகிறது. உலகப்படத்திலுள்ள எந்த அரசையும் எடுத்துக்கொள்ளலாம். இங்கிலாந்து, வெனிஸ், மிங் சீனம், அல்லது நான் வழக்கமாக எடுக்கும் விஜயநகரம். யுத்தம், வியாபாரம், திருமணம், மதமாற்றம் எல்லாம் உண்டு. ஆனால் எனக்குச் சுவாரசியமாகப் பட்டவை யுத்தத்துக்கு வெளியே உள்ள இரண்டு விஷயங்கள். ஒன்று, ஆலோசகர்கள். மற்றது, தொழில்நுட்பம். அதாவது, ஒரு அரசு எப்படி யோசிக்கிறது, எப்படிக் கற்றுக்கொள்கிறது என்பதைப் பற்றி இந்த விளையாட்டு என்ன நினைக்கிறது என்பது.

அது நினைப்பது ஒரு பேரேட்டின் வடிவத்தில். வங்கிக் குமாஸ்தா என்பதால் எனக்கு இது உடனே பிடிபட்டது. மாதம் பிறந்தால் மூன்று தலைப்புகளில் புள்ளிகள் வரவாகின்றன: நிர்வாகம், ராஜதந்திரம், ராணுவம். அடிப்படை வரவு 3. அரசனின் பிறவித் திறமை 0 முதல் 6 வரை. இதோடு அந்தத் துறைக்கென்று அமர்த்தப்பட்ட ஆலோசகனின் தரம் 1 முதல் 5 வரை சேர்கிறது. இந்தப் புள்ளிகள்தாம் எல்லாவற்றுக்கும் நாணயம். பிடித்த நாட்டைச் சொந்த நாடாக்கிக்கொள்ள, கலகத்தை அடக்க, தளபதியைத் தேர்ந்தெடுக்க, பணவீக்கத்தைக் குறைக்க எல்லாம் இதுதான் செலவு. தொழில்நுட்பமும் அப்படியே. ஒவ்வொரு துறையிலும் 32 படிகள். ஒரு படிக்குச் சுமார் 600 புள்ளி. நடுத்தரமான அரசனுக்கும் ஒன்றாம் தர ஆலோசகனுக்கும் மாதம் 7 புள்ளி என்றால் 86 மாதத்தில் ஒரு படி ஏறலாம். மூன்றாம் தர ஆலோசகன் இருந்தால் 67 மாதம். சம்பளமோ தரத்தின் வர்க்கமாக ஏறுகிறது: மாதம் 1, 4, 9, 16, 25 டுகாட். அதாவது முதல் புள்ளிக்கு ஒரு காசு, அடுத்ததற்கு மூன்று, அதற்கடுத்து ஐந்து, ஏழு, ஒன்பது. ஒற்றைப்படை எண்களாக மேலே போகும் இந்த அழகு, வட்டிக் கணக்கில் ஊறியவனைக் கொஞ்ச நேரம் மயக்கத்தான் செய்யும்.

இந்தக் கணக்கை என் அக்கா மகன் கணக்குப் போடாமலே தெரிந்து வைத்திருக்கிறான். ஒருநாள் என் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்துவிட்டு, "மாமா, அந்தத் தத்துவஞானியத் தூக்கிட்டு ஒரு காசு ஆளப் போடுங்க. வீணா ஒன்பது காசு அழுதுக்கிட்டு இருக்கீங்க" என்றான்.

"அவர் என்ன சொல்றார்னு கேக்க வேண்டாமாடா?"

"அவர் ஒண்ணும் சொல்ல மாட்டார் மாமா."

இதைவிடச் சுருக்கமாக இந்த விளையாட்டை விமர்சித்துவிட முடியாது. ஆலோசகன் என்று பெயர் வைத்த உருவம் ஆலோசனை எதுவும் சொல்வதில்லை. ஒரு முகம், ஒரு பெயர், ஒரு எண். தத்துவஞானியை வைத்திருந்தால் ஆண்டுக்கு ஒரு புள்ளி கௌரவம் கூடுகிறது. பொக்கிஷதாரன் இருந்தால் வரி 10 சதவீதம் அதிகம். ராணுவச் சீர்திருத்தக்காரன் படைகளின் மன உறுதியை 10 சதவீதம் ஏற்றுகிறான். கலைஞன் இருந்தால் நாட்டின் ஸ்திரத்தன்மையை உயர்த்துவதற்கான செலவு 10 சதவீதம் குறைகிறது. இந்தக் கடைசி விஷயத்தில் விளையாட்டை அமைத்தவர்கள் தங்களையறியாமலே ஒரு குரூரமான உண்மையைத் தொட்டுவிட்டார்கள் என்று எனக்குப் படுகிறது. மெய்க்கீர்த்திகளை எழுதி நாடு முழுக்கக் கல்லில் வெட்டிவைத்த சோழர்கள் இதை ஒப்புக்கொண்டிருப்பார்கள். கவிஞனுக்குக் கொடுத்த பொன், படைக்குக் கொடுக்க வேண்டியதில் மிச்சம். ஆனால் அந்தக் கவிஞனே அரசனிடம் முகம் திரும்பிக் கசப்பாக ஏதாவது சொல்லிவிடக்கூடும் என்ற சாத்தியம் புறநானூற்றில் உண்டு, இங்கே இல்லை. இடித்துச் சொல்கிறவன் என்ற பாத்திரம் நம் நீதி நூல்களில் அமைச்சனுக்கு இலக்கணமாகவே இருக்கிறது. இங்கே இடிப்பவன் கிடையாது. சம்பளம் நின்றால் மறைவான், வயதானால் சாவான், அவ்வளவுதான்.

பேசும் ஆலோசகர்கள் இருந்த விளையாட்டும் உண்டு. 1996இல் வந்த இரண்டாம் சிவிலைசேஷனில் நிஜ நடிகர்களை வைத்துப் படம்பிடித்த ஒரு மந்திரி சபை. யுகம் மாறினால் அவர்கள் உடையும் மாறும். படைத்தலைவன் மதில் கட்டு என்பான், விஞ்ஞானி நூலகம் கட்டு என்பார், ஜனங்களின் மகிழ்ச்சிக்கான மந்திரி கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு எல்விஸ் பிரெஸ்லி மாதிரி வருவார். சிரிக்கலாம். ஆனால் ஒவ்வொருவரும் தன் இலாகாவுக்குப் பணம் கேட்பதைத் தவிர வேறெதுவும் செய்வதில்லை. பட்ஜெட்டுக்கு முந்தைய வாரத்தில் எந்தத் தலைமைச் செயலகத்திலும் கேட்கக்கூடிய பேச்சுத்தான். நாலைந்து தடவைக்குப் பிறகு நான் அவர்களைக் கூப்பிடுவதையே விட்டுவிட்டேன்.

நிஜமான சபை எப்படி இருந்திருக்கும்? என் ஆட்டம் தொடங்கும் அதே சிம்மாசனத்தில் உட்கார்ந்திருந்த இரண்டாம் தேவராயனைப் பற்றி பெரிஷ்டா ஒரு காட்சியைத் தருகிறார். பாமினி சுல்தான்களிடம் திரும்பத் திரும்பத் தோற்றுக்கொண்டிருந்த தேவராயன், பிரபுக்களையும் பிராமணர்களையும் கூட்டி ஒரு கேள்வி கேட்கிறான்: நம் நாடு பெரியது, ஜனம் அதிகம், வருமானம் அதிகம், பிறகு ஏன் அவர்கள் ஜெயிக்கிறார்கள்? ஒரு கட்சி, சாஸ்திரத்திலேயே அப்படி விதிக்கப்பட்டிருக்கிறது என்கிறது. இன்னொரு கட்சி, காரணம் இரண்டுதான் என்கிறது: அவர்களுடைய குதிரைகள் நம்முடையதைவிட பலமானவை, அவர்களிடம் நல்ல வில்லாளிகள் இருக்கிறார்கள். தேவராயன் இரண்டாவது கட்சியைக் கேட்கிறான். முஸ்லிம் வீரர்களைத் தன் படையில் சேர்த்து நிலங்கள் கொடுக்கிறான். நகரத்தில் பள்ளிவாசல் கட்டித்தருகிறான். அவர்கள் தன் முன் வணங்குவது அவர்கள் மதத்துக்குக் குற்றமாகாமல் இருக்கும் பொருட்டுத் தன் ஆசனத்துக்கு முன்னால் ஒரு மேடையில் குரானை வைக்கச் சொல்கிறான்.

பெரிஷ்டா பீஜப்பூர் சுல்தானின் ஆதரவில் இருந்தவர், ஒன்றரை நூற்றாண்டு கழித்து எழுதுகிறவர் என்பதை மறந்துவிட வேண்டியதில்லை. இருந்தாலும் காட்சியின் உள்ளமைப்பைப் பாருங்கள். அங்கே தொழில்நுட்பம் என்பது மனிதர்களாக வருகிறது. வில் வித்தை வேண்டுமென்றால் வில்லாளி வேண்டும். வில்லாளிக்கு நிலம் வேண்டும், தொழ இடம் வேண்டும், வணங்குவதற்குக் கூச்சமில்லாத ஒரு ஏற்பாடு வேண்டும். கற்றுக்கொள்வதற்காக அரசவை தன் சடங்கையே கொஞ்சம் வளைத்துக்கொள்கிறது. அதற்கு முன்னால் ஒரு சண்டை நடந்திருக்கிறது, தோல்விக்குக் காரணம் விதியா குதிரையா என்று. இதில் எதையும் 600 புள்ளி என்று எழுதினால் மிஞ்சுவது என்ன?

ஆலோசனைக்கு உரிய அபாயமும் விளையாட்டில் காணாமல் போகிறது. என் வங்கிக் கிளையில் கடன் விண்ணப்பங்களுக்குக் கணிப்பொறி ஒரு மதிப்பெண் தருகிறது. அந்த எண்ணுக்கு யாரும் பொறுப்பில்லை. ஆனால் நகைக்கடன் மேஜைக்குப் பக்கத்தில் உரைகல்லோடு ஒரு மதிப்பீட்டாளர் உட்கார்ந்திருக்கிறார். சம்பளம் இல்லை, நகைக்கு இவ்வளவு என்று கமிஷன். அவர் சங்கிலியைக் கல்லில் உரசி, அமிலத்தை ஒரு சொட்டு விட்டு, "சார், இது கொக்கி மட்டும்தான் தங்கம்" என்று சொன்னால் மேலாளரே எழுந்து வந்து பார்ப்பார். அவர் சொன்னது தப்பாகப் போனால் அவர் கைப்பணம் போகும். ஆலோசனை என்ற சொல்லுக்கு நான் அறிந்த ஸ்தூலமான வடிவம் இதுதான். தப்பாகப் போகக்கூடியது, தப்பானால் சொன்னவனைத் தொடக்கூடியது.

விஜயநகரத்தில் தொட்டது. கிருஷ்ணதேவராயரை அரியணை ஏற்றியவர், அவர் தகப்பன் ஸ்தானத்தில் வைத்து அப்பாஜி என்று அழைத்த மந்திரி சாளுவ திம்மரசு. ராயரின் கண்களைப் பிடுங்கச் சொல்லி அண்ணன் ஆணையிட்டபோது ஆட்டின் கண்களைக் காட்டி ஏமாற்றிக் காப்பாற்றினார் என்று ஒரு கதை வழங்குகிறது. பிறகு ராயரின் இளம் மகன் இறந்துபோகிறான். விஷம் வைத்ததாகச் சந்தேகம் திம்மரசுவின் குடும்பத்தின்மேல் விழுகிறது. திம்மரசுவைச் சிறையிலிட்டு அவர் கண்களைப் பிடுங்கியதாகப் போர்த்துக்கீசியரான பெர்னாவ் நூனிஸ் எழுதிவைத்திருக்கிறார். அடுத்த தலைமுறையில் அளிய ராமராயன், சதாசிவனைப் பெயருக்கு அரசனாக வைத்துக்கொண்டு தானே ஆண்டு, 1565இல் தலைக்கோட்டையில் எல்லாவற்றையும் கொண்டுபோய்ச் சேர்த்தான். ஆலோசகன் அரசனாக மாறுவதற்கு இந்த விளையாட்டில் பொத்தான் கிடையாது.

இதே நிறுவனத்தின் குருசேடர் கிங்ஸ் இந்த இடத்தில் எவ்வளவோ தேவலை. 2012இல் வந்த அதன் இரண்டாம் பாகத்தில் ஐந்து சபையோர். அவர்களில் ஒற்றர் தலைவனே உங்களைக் கொல்லச் சதி செய்துகொண்டிருக்கலாம். சதியைக் கண்டுபிடிக்க நீங்கள் அனுப்ப வேண்டியவனும் அவன்தான். 2016இல் சேர்த்த ஒரு விரிவாக்கத்துக்குப் பிறகு சபை உங்களுக்கு எதிராக வாக்களிக்கவும் செய்கிறது. அங்கே ஆலோசகனுக்கு ஆசை இருக்கிறது, மனைவி இருக்கிறாள், நிலத் தகராறு இருக்கிறது. யூரோப்பாவிலும் 2025 நவம்பரில் வெளியான ஐந்தாம் பாகம் மன்னர் புள்ளிகளைக் கைவிட்டு, ஆட்டத்தை 1337இல் தொடங்கி, மந்திரி சபை என்று ஒன்றைக் கொண்டுவந்திருக்கிறது. என் கணிப்பொறி அதைத் தாங்காது.

தொழில்நுட்பத்துக்கு வருகிறேன். பிரான்சிஸ் டிரெஷாம் 1980இல் வெளியிட்ட சிவிலைசேஷன் என்ற பலகை விளையாட்டிலிருந்தே, ஒன்றைப் பெற்றால் அடுத்ததற்கு வழி என்று அறிவை அடுக்கும் பழக்கம் இருக்கிறது. 1991இல் சிட் மையர் அதே பெயரில் கணிப்பொறிக்குச் செய்தபோது அது கிளைவிட்ட மரமாக நிலைபெற்றது. இந்த மரத்தின் விநோதம், கண்டுபிடிக்கப் போகிறவனுக்கு எதைக் கண்டுபிடிக்கப் போகிறோம் என்பது முன்கூட்டியே தெரியும். 1444இல் உட்கார்ந்துகொண்டு, அமெரிக்கா எங்கே இருக்கிறது, பீரங்கி எந்தப் படியில் வரும் என்று தெரிந்த ஒரு அரசன். கூத்துப் பார்க்கிறவனுக்கும் கர்ணன் சாகப்போவது தெரியும். ஆனால் அந்தத் தெரிதல் அவனைக் கர்ணனுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் உட்காரவைக்கிறது. இங்கே அது முதலீடாகிவிடுகிறது.

2013இல் யூரோப்பாவின் நான்காம் பாகம் வெளிவந்தபோது உலகம் தொழில்நுட்பக் குழுக்களாகப் பிரிக்கப்பட்டிருந்தது. மேற்கு ஐரோப்பியனுக்கு ஒரு படி ஏற என்ன விலையோ அதுதான் அடிப்படை. கிழக்கு ஐரோப்பியன் கொஞ்சம் கூடுதலாகத் தர வேண்டும், துருக்கியன் இன்னும் கொஞ்சம். இந்தியக் குழுவுக்கு ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. சீனனுக்கு அதற்கும் மேலே. அமெரிக்கப் பழங்குடிகளுக்கு உச்ச விலை. இந்த அபராதத்திலிருந்து தப்ப ஒரே வழி, மேற்கத்தியமயமாதல் என்று பெயரிட்ட ஒரு பொத்தான். அதை அழுத்தவும் மேற்கத்திய அரசு ஒன்று உங்கள் எல்லையைத் தொட்டுக்கொண்டிருக்க வேண்டும். போர்த்துக்கீசியன் பக்கத்தில் வந்து உட்கார மாட்டானா என்று விஜயநகரம் காத்துக்கிடக்க வேண்டும். அழுத்தினால் நாடு குலுங்கும், கலகங்கள் வரும், புள்ளிகள் கரையும். தாங்கிவிட்டால் நீங்களும் மேற்கத்தியன்.

முதல் தடவை இந்தப் பட்டியலைப் பார்த்தபோது எனக்குக் கோபம் வரவில்லை. ஏற்கனவே பார்த்த பட்டியல் என்ற உணர்வுதான் வந்தது. ஆங்கில இலக்கியம் பி.ஏ. படித்த மூன்று வருஷமும் எங்களுக்குச் சொல்லித்தரப்பட்டது இதுதான். ஒரு பேராசிரியர் கரும்பலகையில் இரண்டு பத்திகள் போடுவார். இடப்பக்கம் அங்கே நடந்தது, வலப்பக்கம் இங்கே நடந்தது. நாவல் அங்கே இந்த நூற்றாண்டு, இங்கே இத்தனை வருஷம் தாமதம். ரொமாண்டிக் இயக்கம், யதார்த்தவாதம், நவீனத்துவம், எல்லாவற்றுக்கும் தாமதக் கணக்கு. நான் ந. பிச்சமூர்த்தியைப் படிக்கும் முன்பே அவர் விட்மனுக்கு எத்தனை வருஷம் பிந்தியவர் என்று எனக்குத் தெரியும். 1959இல் 'எழுத்து' தொடங்கிய காலத்திலிருந்து புதுக்கவிதையின் எதிரிகள் அதை இறக்குமதிச் சரக்கு என்றார்கள். அதன் நண்பர்களில் பலர் அந்த இறக்குமதியையே தகுதியாகக் காட்டினார்கள். இரண்டு பேரும் ஒரே பட்டியலைத்தான் கையில் வைத்திருந்தார்கள். அந்த அபராத எண்ணைக் கணக்கிலிருந்து எடுத்துவிட்டால் ஒரு தமிழ்க் கவிதையை எதை வைத்துப் படிப்பது என்பது இன்னும் எனக்குத் தீராத விஷயம். எடுக்காமல் படிக்கலாகாது என்பது மட்டும் தீர்ந்த விஷயம்.

விளையாட்டை அமைத்தவர்களுக்கும் உறுத்தியிருக்க வேண்டும். 2016 அக்டோபரில் குழு அபராதத்தையும் மேற்கத்தியமயமாதலையும் எடுத்துவிட்டு 'ஸ்தாபனங்கள்' என்று ஒன்றைக் கொண்டுவந்தார்கள். மறுமலர்ச்சி 1450இல் இத்தாலியில் பிறக்கும். குடியேற்றம் 1500, அச்சு இயந்திரம் 1550, உலக வியாபாரம் 1600. ஒவ்வொன்றும் ஓரிடத்தில் முளைத்து, மாகாணம் மாகாணமாகப் பரவும். உங்கள் நாட்டு வளர்ச்சியில் 10 சதவீதத்துக்கு அது வந்துவிட்டால் பணம் கட்டி ஏற்றுக்கொள்ளலாம். ஏற்காதவரை தொழில்நுட்பத்தின் விலை ஆண்டுக்கு ஒரு சதவீதம் ஏறிக்கொண்டே போகும். இது முன்னதைவிட நாகரிகமான ஏற்பாடு. இனத்தின்மேல் இருந்த அபராதம் தூரத்தின்மேல் விழுகிறது. ஆனாலும் அநேகமாக எல்லாம் முளைப்பது அதே மூலையில்தான். கொரியாவில் உலோக எழுத்துக்களைக் கோத்து அச்சிட்ட 1377ஆம் ஆண்டுப் புத்தகம் ஒன்று இன்றும் இருக்கிறது. விளையாட்டின் கொரியா அச்சுக்காக ஜெர்மனியைப் பார்த்துக் காத்திருக்கிறது.

காத்திருக்க மாட்டாத ஆட்டக்காரர்கள் ஒரு தந்திரம் கண்டுபிடித்திருக்கிறார்கள். சேர்த்துவைத்த புள்ளிகளையெல்லாம் ஒரே மாகாணத்தில் கொட்டி அதன் வளர்ச்சியை ஏற்றினால், ஒரு கட்டத்தில் அங்கேயே மறுமலர்ச்சி வந்துவிடும். நான் தஞ்சாவூர்ப் பக்கம் இப்படி ஒரு மறுமலர்ச்சியை ஒரே மாலையில் வரவழைத்திருக்கிறேன். விருதுகளையும் கருத்தரங்குகளையும் ஒரு ஊரில் கொட்டி இலக்கியத்தை வரவழைக்க முடியும் என்று நம்பும் அமைப்புகள் நம்மிடையே இருக்கும்போது சுவீடன்காரர்களைக் குறைசொல்ல மனம் வரவில்லை.

(1836இல் தொடங்கும் விக்டோரியா இந்த விஷயத்தில் நேர்மையானது. 2022இல் வந்த அதன் மூன்றாம் பாகத்தில் ஒரு நாடு எவ்வளவு வேகமாகக் கற்கும் என்பதற்கு எல்லை, அங்கே எத்தனை பேருக்கு எழுதப் படிக்கத் தெரியும் என்பது. அறிவு அரசனின் பேரேட்டை விட்டு ஜனங்களிடம் இறங்குகிறது. அதைப் பற்றித் தனியாக எழுத வேண்டும்.)

அச்சு விஷயத்தில் நம் பக்கம் நடந்ததை இந்தப் பத்து சதவீதக் கணக்கில் எங்கே வைப்பது? 1554இல் லிஸ்பனில் தமிழ் வார்த்தைகள் ரோமன் எழுத்தில் அச்சேறிவிட்டன. 1556இல் கோவாவுக்கு அச்சு இயந்திரம் வந்தது. முத்துக்குளித்துறையில் பரதவர்களிடையே இருந்து தமிழ் கற்ற ஹென்ரிக்கே ஹென்ரிக்கஸ் பாதிரியாரின் 'தம்பிரான் வணக்கம்' 1578 அக்டோபரில் கொல்லத்தில் தமிழ் எழுத்திலேயே அச்சாயிற்று. பதினாறு பக்கம். இன்னும் சில புத்தகங்கள். அப்புறம் நீண்ட மௌனம். 1713இல் தரங்கம்பாடியில் மறுபடி தமிழ் அச்சு. 1835இல் அச்சுக்கூடங்களின் மீதிருந்த அனுமதிக் கட்டுப்பாடு நீங்குகிறது. சீவக சிந்தாமணியை உ.வே. சாமிநாதையர் அச்சில் கொண்டுவர 1887 ஆகிறது. முந்நூறு வருஷம் அச்சும் ஏடும் பக்கத்துப் பக்கத்தில் இருந்திருக்கின்றன, ஒன்றை ஒன்று அநேகமாகப் பார்த்துக்கொள்ளாமல். ஏற்றுக்கொண்டாயிற்று, ஏற்கவில்லை என்று இரண்டே நிலை தெரிந்த ஒரு இயந்திரத்துக்கு இதைச் சொல்ல வழியில்லை.

போன மாதம் என் ஆட்டம் 1578ஐத் தொட்டது. கொல்லம் என் வசம் இருந்தது. அச்சு இயந்திரத்தின் நிறம் கோவாவுக்குத் தெற்கே இன்னும் இறங்கவில்லை. நிறுத்திவைத்துவிட்டு 'தம்பிரான் வணக்க'த்தின் நகலை எடுத்துப் பார்த்தேன். அதன் கடைசிப் பக்கத்தில் இரண்டு மாதிரி எழுத்துக்களைக் காட்டியிருக்கிறார்கள். ஒன்று 1577இல் கோவாவில் வார்த்தது, மற்றது 1578இல் கொல்லத்தில் வார்த்தது. அந்த ஒரு வருஷத்துக்குள் யாரோ ஒருவர் கோவாவிலிருந்து வந்த அச்சுகளைக் கையில் எடுத்துப் பார்த்து, இது சரியில்லை, வேறு வார்க்க வேண்டும் என்று ஒரு பாதிரியாரிடம் சொல்லியிருக்கிறார். அவர் கேட்டிருக்கிறார்.